தரிசுத் தோப்பு

அரசாங்கத்துக்கு மரம் என்றால் என்னவென்று தெரியாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நன்றாகவே தெரியும். ஒவ்வொரு இலாகாவுக்கும் ஒவ்வொரு விதமாகத் தெரியும், அவ்வளவுதான். வனத்துறைக்குத் தன் எல்லைக்கல்லுக்கு உள்ளே நிற்பதுதான் மரம். வருவாய்த்துறைக்கு உழாத நிலத்தில் எது நின்றாலும் அது தரிசு. தொழிற்பேட்டை போடுகிறவர்களுக்குத் தரிசு என்றால் காலி இடம். இந்த மூன்று பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது எங்கள் ஊர் நாராயணப்பனின் தோப்பு.

தோப்பு என்று சொல்கிறோமே தவிர, யாரும் நட்டு வளர்த்ததில்லை. சானமாவு காட்டை ஒட்டிய ரெண்டரை ஏக்கர் கொல்லை அது. ஒரு காலத்தில் அதில் ராகி போட்டார்கள். கதிர் முற்றும் நேரம் பார்த்துக் கர்நாடகப் பக்கத்திலிருந்து யானைக் கூட்டம் வரும். வந்துவிட்டுப் போனால் மாட்டுக்குத் தாள்கூட மிஞ்சாது. வருஷா வருஷம் பட்டாசு வெடித்து, தகரம் தட்டி, தொண்டை கிழியக் கத்தி அலுத்துப்போன நாராயணப்பன் ஒரு வருஷம், "போ, நீயே வெச்சிக்க" என்று யானைக்கும் மண்ணுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டு உழுவதை நிறுத்தினார். அப்புறம் காடு எல்லைக்கல்லைத் தாண்டி மெதுவாக வந்து உட்கார்ந்துகொண்டது. வேம்பு, புங்கன், வெப்பாலை, ஈச்சம்புதர். நடுவில் மட்டும் ஒரு பெரிய புங்கன், ராகி போட்ட காலத்திலேயே நின்றது. யானைகள் அந்த வழியாகவே வந்தன, தழையை ஒடித்துத் தின்றன, நிற்காமல் போயின. அக்கம்பக்கத்துக் கொல்லைகளுக்கும் தொல்லை குறைந்தது. நாராயணப்பனின் மனைவி வெங்கடம்மாள் அதில் ஆடு மேய்த்தாள், புங்கங்கொட்டை பொறுக்கிச் சந்தையில் போட்டாள்.

அவர்களுடைய மேட்டுக்கொல்லை நான்குவழிச் சாலைக்கு ஏற்கெனவே போயிருந்தது. சொந்தம் என்று மிஞ்சியது இந்த ஒன்றுதான். வெங்கடம்மாளுக்கு அந்தச் சாலை மேல் இன்னும் கோபம் ஆறவில்லை. அதில் போகும் பஸ்ஸில் ஏறினால்கூட, அந்தக் கொல்லை இருந்த இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொள்வாள்.

புதுத் தொழிற்பேட்டை வரப்போகிறது என்ற செய்தியை அவர்கள் மகன் ஹரீஷ்குமார்தான் கொண்டுவந்தான். ஓசூரில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை அவனுக்கு. ஷிஃப்ட் முடிந்து வந்தவன், சாப்பிடும்போது செல்லைப் பார்த்துப் படித்தான். விளைநிலங்களைத் தவிர்த்துவிட்டு, பயன்படாத தரிசு நிலங்களையே முதலில் எடுக்க வேண்டும் என்று உத்தரவு. நல்ல எண்ணத்தில் போட்ட உத்தரவுதான். விவசாயிகள் மறியல் செய்து வாங்கியது என்றுகூடச் சொன்னார்கள். நல்ல எண்ணத்தில் போட்ட உத்தரவுகளைக் கண்டால்தான் எனக்கு இப்போதெல்லாம் பயம்.

மறுநாள் காலையிலேயே வெங்கடம்மாள் வி.ஏ.ஓ. மாரிமுத்துவைப் பார்க்கப் போனாள். அவர் சிவகங்கைப் பக்கத்துக்காரர். வேலைக்காக வந்து, குளிருக்குப் பயந்து மார்கழி முழுக்க மங்கி குல்லாவோடு திரிகிறவர். கெட்ட மனிதர் இல்லை.

"எங்க கொல்லைய எப்பிடி சார் எழுதியிருக்குது?"

"தரிசுன்னுதான் இருக்கும்மா. இத்தனை வருசமா பயிரே இல்லையே."

"மரம் அத்தினி நிக்குதே சார்."

"நிக்குது, நானும் பார்த்திருக்கேன். நீங்க வச்ச தோப்புன்னா மாமரம்னு எழுதலாம், தென்னைன்னு எழுதலாம். தானா முளைச்சு நிக்கிறதை என்னன்னு எழுதச் சொல்றீங்க? காட்டுக்குள்ளயும் வராது, பயிர்லயும் வராது." அவர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சட்டுன்னு உழுது எதையாச்சும் விதைச்சு விட்டுருங்கம்மா. நான் பயிர் பார்க்க வர்றப்ப ராகி நின்னுச்சுன்னா ராகின்னு எழுதிர்றேன். அதுக்கு மேல என் கையில ஒண்ணுமில்ல."

இதையே அவர் எல்லாருக்கும் சொல்லியிருந்தார் போல. காட்டை ஒட்டி இப்படித் தானாக மரம் வளர்ந்த கொல்லைகள் எங்கள் ஊரில் நிறைய. அந்த வைகாசியில் ஊர் முழுக்க மரம் அறுக்கும் மெஷின் சத்தம்தான். மெஷின் வைத்திருந்தவன் மணிவேல், ஓமலூர்ப் பக்கத்து ஆள். கல்யாண மண்டபத்துக்குத் தேதி வாங்குவது மாதிரி அவனிடம் தேதி வாங்க வேண்டியிருந்தது. தோப்புக்கு அடுத்த கொல்லைக்காரன் கங்கப்பன் மட்டும் தேதி வாங்கவில்லை. கங்கப்பனுக்கு வாரத்தில் எட்டாவதாக ஒரு நாள் உண்டு, அதன் பெயர் நாளைக்கு. அவனுக்கு மண்ணை ஆள யோகமில்லை என்று ஊரே சிரித்தது.

வீட்டில் நாராயணப்பன் பிடிகொடுக்கவில்லை.

"மரத்த வெட்டித்தான் நெலத்த காப்பாத்தணுமா? இது எந்த ஊரு நாயம்?"

"மரத்த வெச்சிக்கினு நெலத்த உட்டுட்டா, அந்த மரத்த எங்க கொண்டுபோயி நடுவீங்க? தலைமேலயா?"

"யானை வந்தா எங்க போவும்?"

"யானையா பட்டா கேக்குது? கவர்மெண்டு கேக்குது!"

அவர்களுக்குச் சண்டை முற்றினால் தமிழிலிருந்து தெலுங்குக்குத் தாவுவார்கள். தெலுங்கும் போதாவிட்டால் கன்னடம். அந்த வாரம் மூன்று பாஷையும் தீர்ந்துபோய், இரண்டு பேரும் பேசாமலே சாப்பிட்டார்கள். கடைசியில் அவர்தான் இறங்கி வந்தார். பெரிய புங்கனுக்கு மட்டும் முறைப்படி கோடாலி வைத்துக் கேட்க வேண்டும் என்றார். அவளும் சரி என்றாள்.

எங்கள் பக்கம் பெரிய மரத்தைச் சும்மா வெட்டுவதில்லை. முதல் நாள் சாயங்காலம் மரத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, வெற்றிலை பாக்கு வைத்து, தேங்காய் உடைத்து, அடிமரத்தில் கோடாலியைக் கொத்தி அப்படியே விட்டுவிட்டு வர வேண்டும். மரத்தில் குடியிருக்கும் சாமியோ பேயோ குருவியோ, அவரவர் வேறு இடம் பார்த்துக்கொள்ள ஒரு ராத்திரி தவணை. விடிந்து பார்க்கும்போது கோடாலி அப்படியே இருந்தால் வெட்டலாம். கீழே விழுந்து கிடந்தால் உத்தரவு இல்லை என்று அர்த்தம். அந்த மரத்தை அப்புறம் யாரும் தொட மாட்டார்கள்.

"என் மெஷின எப்பிடிங்க மரத்துல கொத்தி வெக்கிறது?" என்று மணிவேல் சிரித்தான். நாராயணப்பன் சிரிக்கவில்லை. கோடாலியை அவரே ஓங்கிக் கொத்தினார். ரொம்ப நேரம் வாய்க்குள் ஏதோ சொன்னார்.

விடியும்போது வெங்கடம்மாள் தோப்புக்குப் போனாள். வீட்டில் அவர் படுத்த பாய் காலியாக இருந்தது. வாய்க்கால் பக்கம் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். தோப்பில் இன்னும் சரியாக வெளிச்சம் வரவில்லை. மரத்தைச் சுற்றி வந்தாள். கோடாலி தரையில் கிடந்தது.

அவள் சாமிக்குப் பயப்படாதவள் இல்லை. செவ்வாய், வெள்ளி தவறாமல் மாரியம்மனுக்கு விளக்கு வைக்கிறவள். அங்கேயே உட்கார்ந்து கும்பிட்டாள். கோடாலியைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள். சாமி கோபித்துக்கொண்டால் பொங்கல் வைத்து, ஆடு வெட்டிச் சமாதானம் பண்ணலாம். கவர்மெண்டு கோபித்துக்கொண்டால் எந்தக் கோயிலில் பொங்கல் வைப்பது? மேட்டுக்கொல்லை போனபோது அவள் காலில் விழாத அதிகாரி இல்லை. ஒருத்தரும் இறங்கி வரவில்லை. எழுந்தாள். கோடாலியை எடுத்து, கை நடுங்க நடுங்க, பழைய வெட்டுவாயிலேயே கொத்திவிட்டு வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்ற வைத்தாள்.

மணிவேல் ஆட்களோடு வந்தபோது நாராயணப்பனும் வந்தார். மரத்தில் நின்ற கோடாலியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். "வெட்டுங்கப்பா" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஊர்ப் பக்கம் நடந்தார். மரம் விழுந்த சத்தம் டீக்கடை வரைக்கும் கேட்டதாம். அங்கே உட்கார்ந்திருந்த நாராயணப்பன் டீயை முழுசாகக் குடிக்காமல் வைத்துவிட்டார் என்று கடைக்காரர் சொன்னார்.

வெங்கடம்மாள் அரைகுறையாக எதையும் செய்கிறவள் இல்லை. மரம் இருந்த சுவடு தெரியக் கூடாது என்று பொக்லைன் வைத்து வேர்க்கட்டைகளையும் பிடுங்கிப் போடச் செய்தாள். கட்டைகள் செங்கல் சூளைக்குப் போயின. உழுது, சமன் பண்ணி, மழை விழுந்ததும் ராகி தெளித்தார்கள். இத்தனை வருஷம் தழை விழுந்து மக்கிய மண், சும்மா சொல்லக் கூடாது, பயிரை வாரிக்கொடுத்தது. மரங்கள் நின்ற இடங்களில் மட்டும் பயிர் ஒரு கை கூடுதலாக, கருகருவென்று நின்றது. சாலை மேட்டிலிருந்து பார்த்தால் எது எங்கே நின்றது என்று சொல்லிவிடலாம். நாராயணப்பன் தினம் அந்த மேட்டில் போய் நின்று பார்த்துவிட்டு வருவார். என்ன பார்க்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். "ராகி" என்றார்.

பயிர் பார்க்க மாரிமுத்துவோடு இன்னொரு அதிகாரியும் வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்க முன்னாடி மரம் ஏதாவது இருந்ததா?" என்று கேட்டார். வெங்கடம்மாள் கொஞ்சமும் தயங்கவில்லை.

"மரமா? இங்க ஏது சார் மரம்? எங்க மாமனார் காலத்துலருந்து ராகிதான்."

மாரிமுத்து தலையைக் குனிந்துகொண்டு அதை எழுதிக்கொண்டார். அந்த மாதமே எடுக்கப்போகும் நிலங்களின் பட்டியலிலிருந்து அவர்கள் கொல்லை போய்விட்டது. ஹரீஷ்குமார் இனிப்பு வாங்கி வந்தான். வெங்கடம்மாள் பொங்கல் வைத்தாள். அந்தக் கோடாலி நினைவு மட்டும் அவளை விடவில்லை. ஆட்டுக்குட்டி செத்தாலும், அவருக்குக் காய்ச்சல் வந்தாலும், இது அதனால்தானோ என்று ஒரு பயம். யாரிடமும் சொல்லவில்லை.

கார்த்திகையில் யானைகள் வந்தன. அவற்றைக் குற்றம் சொல்ல முடியாது. வழக்கமான வழியில்தான் வந்தன, அந்த வழிதான் இல்லை. மறைவுக்கு ஒரு மரமில்லை, ஒடித்துத் தின்னத் தழையில்லை, முன்னால் ராகி இடுப்புயரம் நிற்கிறது. தின்றன. தின்றுவிட்டுத் திரும்ப வழி தெரியாமல் ஒவ்வொரு கொல்லையாக இறங்கி, பொழுது விடிந்த பிறகும் சாலையோரத்தில் குட்டிகளோடு நின்றன. வனத்துறை ஆட்கள் ஜீப்பில் வந்து விரட்டினார்கள். ஆயிரம் பேர் செல்லில் படம் எடுத்தார்கள். அந்தப் படம்தான் எங்கேயோ போய், யாரோ வழக்குப் போட்டு, தை மாதம் அடுத்த உத்தரவாக வந்து இறங்கியது.

காட்டை ஒட்டி மரம் அடர்ந்திருக்கும் பட்டா நிலங்கள் யானைகள் போகிற வழி. அவற்றைத் தொழிற்பேட்டைக்கு எடுக்கக் கூடாது. அதனால் குறைகிற பரப்பை ஈடுகட்ட, காட்டோரத்தில் மரமில்லாத நிலங்களை, விளைநிலமானாலும், எடுத்துக்கொள்ளலாம். இதுதான் சாரம். இதுவும் நல்ல எண்ணத்தில் போட்டதுதான்.

பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் பந்தல் போட்டுக் கூட்டம் நடந்தது. நில எடுப்புத் தாசில்தார் ராஜலட்சுமி வந்திருந்தார். எத்தனை ஊர்களில் இதையே படித்தாரோ, குரல் கம்மிப்போயிருந்தது. விலக்கு அளித்த நிலங்களை முதலில் படித்தார். எங்கள் ஊரில் ஒரே ஒரு பெயர். கங்கப்பன். நாளைக்கு, நாளைக்கு என்று மெஷினைக் கூப்பிடாமலே விட்டவன். அவன் சந்தோஷப்படவும் முடியாமல், துண்டால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அடுத்து எடுக்கப்போகும் நிலங்களைப் படித்தார். நாராயணப்பன் பெயர் வந்ததும் வெங்கடம்மாள் எழுந்துவிட்டாள்.

"எங்க கொல்லையிலயும் மரம் இருந்துச்சும்மா! காடு மாதிரி இருந்துச்சு. யானை அதுலதான் போவும் வரும்."

"எப்ப இருந்துச்சு?"

"போன வைகாசி வரைக்கும்."

தாசில்தார் மாரிமுத்துவைத் திரும்பிப் பார்த்தார். அவர் எழுந்து நின்றார். வெங்கடம்மாளைப் பார்த்து, கெஞ்சுவது போலச் சொன்னார்.

"ஆய்வுக்கு வந்தப்ப நீங்கதானேம்மா சொன்னீங்க... மரமே இல்லை, மாமனார் காலத்துல இருந்து ராகிதான்னு."

சிரிக்க வேண்டிய இடம். யாரும் சிரிக்கவில்லை. பந்தலில் இருந்த பாதிப் பேர் அதே வார்த்தையைத் தங்கள் மாமனார் பேரிலோ அப்பா பேரிலோ சொன்னவர்கள். வெங்கடம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். உட்காரவும் தோன்றவில்லை அவளுக்கு.

நாராயணப்பன் எழுந்தார். "அப்பிடிச் சொல்லச் சொன்னது நான்தாம்மா. வெட்டச் சொன்னதும் நான்தான். அவ மேல தப்பு கெடையாது" என்றார். வெட்டக் கூடாது என்று வாரக்கணக்கில் சண்டை போட்டவர் அவர் என்பது ஊருக்கே தெரியும்.

"யாரு சொல்லியிருந்தாலும் இனிமே மாறாதுங்க ஐயா" என்றார் தாசில்தார். அவரைப் பார்த்தாலும் பாவமாகத்தான் இருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தாரோ என்னவோ, கையிலிருந்த வரைபடத்தை விரித்துப் பார்த்தார். "உங்க நிலத்துல ஃபேக்டரி எதுவும் வராது. காட்டுப் பக்கமா இருக்கறதால பசுமை வளையத்துக்கு ஒதுக்கியிருக்காங்க. மரம்தான் நடப்போறாங்க."

"என்னா மரம்?" என்று கேட்டார் நாராயணப்பன்.

தாசில்தார் பக்கத்தில் இருந்தவரிடம் விசாரித்துவிட்டுச் சொன்னார். "வேம்பும் புங்கனும். இந்த மண்ணுக்கு அதுதான் நல்லா வருமாம்."

நாராயணப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். கிண்டலாக இல்லை. அவருக்கு அதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை.

இருவரும் வீட்டுக்குப் போகவில்லை, கொல்லைக்குப் போனார்கள். யானை மிதித்த ராகித் தாள்கள் அங்கங்கே காய்ந்து கிடந்தன. பக்கத்தில் கங்கப்பனின் மரங்கள் வெயிலுக்கு அசையாமல் நின்றன. பெரிய புங்கன் இருந்த இடத்துக்குக் கிட்டே வரப்பில் உட்கார்ந்தார்கள். வெங்கடம்மாள் அழ ஆரம்பித்தாள். அழுகையினூடே, அத்தனை மாதம் அடக்கி வைத்ததைச் சொன்னாள்.

"எல்லாம் சாமி குத்தங்க. அன்னிக்கி கோடாலி கீழ விழுந்து கெடந்துச்சு. நான்தான் எடுத்துத் திரும்பக் கொத்தி வெச்சேன்."

"சாமியும் இல்ல, குத்தமும் இல்ல" என்றார் அவர். "நான்தான் இருட்டோட வந்து அதப் புடுங்கிப் போட்டேன். அப்பிடியாவது நீ உட்டுடுவேன்னு."

அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். "நான் கொத்தி வெச்சது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். வேம்புக்குப் பின்னாடிதான் நின்னுக்கினு இருந்தேன்."

"அப்பவே வந்து தடுத்திருக்கலாம் இல்ல? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"உன் கையப் பாத்தேன். அப்பிடி நடுங்குச்சு. மேட்டுக்கொல்ல போனப்பகூட நீ அப்பிடிப் பயந்து நான் பாக்கல. அத்தினி பயந்தவகிட்ட என்னா சொல்றது?"

வெங்கடம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவர் மேல் கோபப்பட நினைத்தாள், அதற்குக்கூட அவளிடம் தெம்பு இல்லை. வரப்பிலிருந்த ஒரு காய்ந்த தாளை எடுத்துச் சின்னச் சின்னதாக ஒடித்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க மரம் நடறப்ப வந்து பாக்கலாமா?" என்று கேட்டாள்.

"உள்ள உட மாட்டாங்க. சுத்தி காம்பவுண்டு எழுப்பிடுவாங்க. வெளியில இருந்து தெரியிற அளவுக்கு மரம் வளரணும்னா..." என்று ஆரம்பித்த நாராயணப்பன், மனசுக்குள் தன் வயதைக் கூட்டிப் பார்த்துவிட்டு, அதோடு நிறுத்திக்கொண்டார்.